வாக்குச்சீட்டின் அடியில் வரும் கழிவுநீர் கமிஷனர்கள்: சிகாகோ பக்கத்துத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

குடியுரிமை வாங்கிய பிறகு முதன்முதலாக ஓட்டுப்போடப் போனபோது, அதிபர், செனட்டர், கவர்னர் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தேன். கொஞ்சம் கீழே இறங்கியதும் 'மெட்ரோபாலிட்டன் வாட்டர் ரிக்ளமேஷன் டிஸ்ட்ரிக்ட் கமிஷனர், மூவருக்கு வாக்களிக்கவும்' என்று இருந்தது. (சிகாகோவின் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட், அதாவது கழிவுநீர் மாவட்டத்துக்கு இன்றைய பெயர் அது.) ஒருவர் பெயரும் தெரியவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் விசாரித்தால், தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள். தேர்தல் நேரத்தில் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்குப் பதில் சொல்வதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன? சேலம் மாவட்டம், மதுரை மாவட்டம் மாதிரியா?

இல்லை. கலெக்டர் ஆளும் மாவட்டத்தை மறந்துவிடுங்கள். இது ஒரே ஒரு வேலைக்காகச் சட்டப்படி உருவாக்கப்பட்ட தனி அரசு. வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பெருங்குழாய்களில் சேர்த்து, சுத்திகரித்து, ஆற்றில் விடுவது அதன் வேலை. அதற்கென்று தனி எல்லை, தனி வரி, தனி நிர்வாகக் குழு எல்லாம் உண்டு. உங்கள் ஊராட்சி, நகராட்சி, பள்ளி மாவட்டம், பூங்கா மாவட்டம் எல்லாவற்றின் மேலும் இன்னொரு கோடாக இதன் எல்லை ஓடும். இல்லினாய் மாநிலத்தில் எல்லா வகையும் சேர்த்து உள்ளாட்சி அமைப்புகள் ஏறக்குறைய 7,000 இருக்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. சொத்து வரி ரசீதில் ஏன் அத்தனை வரிகள் என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

'கமிஷனர்' என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரியா?

நம் காதுக்கு அப்படித்தான் கேட்கும். மாநகராட்சி கமிஷனர், போலீஸ் கமிஷனர் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே கமிஷனர் என்பவர் அரசு அனுப்பிவைக்கும் அதிகாரி. நிர்வாகம் அவர் கையில், மேயர் வேறு ஆள். சென்னைக் குடிநீர் வாரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அந்த வாரியத்துக்கு அமைச்சர் தலைவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி மேலாண்மை இயக்குநர். நாம் ஓட்டுப்போட்டு யாரையும் அந்த வாரியத்துக்கு நேரடியாக அனுப்புவதில்லை.

சிகாகோவில் கமிஷனர் என்பவர் நம்மூர்க் கவுன்சிலருக்குத்தான் பக்கத்தில் வருவார். மக்கள் ஓட்டில் வந்து, குழுவில் ஒருவராக உட்கார்ந்து, பட்ஜெட்டுக்கும் டெண்டருக்கும் கை தூக்குபவர். ஆலையை நடத்துவது அவர் வேலை இல்லை. அதற்கு, குழு நியமிக்கும் நிர்வாக இயக்குநர் ஒருவரும், அவருக்குக் கீழே சுமார் 2,000 ஊழியர்களும் இருக்கிறார்கள். 1889-ல் இந்த அமைப்பு தொடங்கியபோது உறுப்பினர்களுக்கு 'டிரஸ்டி' என்றுதான் பெயர். இல்லினாயின் சிறிய மாவட்டங்களில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். பேர் வேறானாலும் நாற்காலி ஒன்றுதான்.

சிகாகோ மாவட்டத்தில் எத்தனை கமிஷனர்கள்? பதவிக்காலம் எவ்வளவு?

ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டு. ஆனால் ஒன்பது பேரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் நவம்பர் பொதுத்தேர்தல் ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களுக்குத் தேர்தல். அதனால்தான் 'மூவருக்கு வாக்களிக்கவும்' என்று சீட்டில் இருக்கிறது. வென்றவர்கள் டிசம்பரில் பதவி ஏற்பார்கள்.

வார்டு, தொகுதி எதுவும் இல்லை. ஷாம்பர்க்கில் இருப்பவரும் சிகாகோவின் தென்கோடியில் இருப்பவரும் அதே பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. 'எங்கள் பகுதிக் கமிஷனர்' என்று கைகாட்ட ஆள் கிடையாது. பேஸ்மென்ட்டில் சாக்கடை நீர் ஏறினால் ஒன்பது பேரும் உங்கள் பிரதிநிதிகள்தான். ஒன்பது பேருக்கும் பொறுப்பு என்றால் கடைசியில் ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும் என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் ஆறு ஆண்டு? எம்.எல்.ஏ.வுக்குக்கூட அவ்வளவு இல்லையே?

குழாய் விஷயத்தில் ஆறு ஆண்டு ஒன்றும் பெரிதில்லை. இந்த மாவட்டத்தின் 'டீப் டனல்' என்ற பாதாளச் சுரங்கத் திட்டத்தைப் பாருங்கள். கனமழையில் வெள்ளமும் கழிவுநீரும் கலந்து ஆற்றுக்குள் பாய்ந்துவிடாமல், பூமிக்கடியில் சுரங்கம் தோண்டித் தேக்கி வைத்து, பிறகு சுத்திகரிப்பதுதான் யோசனை. திட்டம் ஏற்கப்பட்டது 1972-ல். தோண்ட ஆரம்பித்தது 1975-ல். 109 மைல் சுரங்கங்கள் முடிந்தது 2006-ல். தார்ன்டனில் பழைய கல்குவாரி ஒன்றை நீர்த்தேக்கமாக மாற்றியது 2015-ல். மெக்குக் நீர்த்தேக்கத்தின் முதல் பகுதி 2017-ல் வந்தது, இரண்டாம் பகுதி வேலை அதற்குப் பிறகும் தொடர்கிறது. 1972-ல் கை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் முடிகிற வேலை இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தக் குழுவும் மாறினால் இப்படி ஒன்றைக் கட்டி முடிக்க முடியாது. பாதியிலேயே யாராவது 'இந்தக் காசை மிச்சம் பிடித்து வரியைக் குறைப்பேன்' என்று சொல்லி ஓட்டு வாங்கிவிடுவார்.

மூன்று மூன்று பேராக மாறுவதும் இதனால்தான். எந்தத் தேர்தல் முடிந்தாலும் ஆறு பழைய ஆட்கள் குழுவில் இருப்பார்கள், புதிதாக வருபவருக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. மக்களுக்குக் கோபம் வந்தாலும், குழுவின் பெரும்பான்மையை மாற்ற இரண்டு தேர்தலாவது ஆகும். அதுவரை கோபம் தாங்க வேண்டும். சாக்கடை விஷயத்தில் நம் கோபம் தரை காயும் வரைதான் என்பது என் அனுபவம்.

தலைவரை நாம் தேர்ந்தெடுக்கிறோமா?

இல்லை. ஒன்பது பேரும் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக இரண்டு ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். துணைத் தலைவரும் நிதிக்குழுத் தலைவரும் அப்படித்தான். 2019-ல் தலைவரான காரி ஸ்டீல் ஒரு வேதியியலாளர். இதே மாவட்டத்தில் முன்பு நீர் மாதிரி எடுப்பவராகவும் ஆய்வுக்கூடப் பணியாளராகவும் வேலை பார்த்தவர். பாட்டிலைக் கையில் ஏந்திப் படகில் போனவர் தலைவர் நாற்காலியில் உட்காருவது அடிக்கடி நடப்பதில்லை.

பதவிக்காலம் முடியும் முன் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ?

இங்கேதான் 'நியமனம்' வருகிறது. காலியான இடத்துக்கு மாநில கவர்னர் ஒருவரை நியமிப்பார். (இங்கே கவர்னர் என்பவர் ஓட்டில் வந்தவர், நம்மூர் முதல்வர் மாதிரி. ராஜ்பவன் கவர்னரை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) நியமிக்கப்பட்டவர் மீதிக் காலம் முழுவதும் இருந்துவிட முடியாது. அடுத்த கமிஷனர் தேர்தல் வரைதான். அப்போது மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் தனியாக ஓட்டு நடக்கும். அதனால்தான் சில ஆண்டுகளில் வாக்குச்சீட்டில் இரண்டு பகுதி தெரியும்: 'ஆறு ஆண்டு, மூவருக்கு' என்று ஒன்று, 'இரண்டு ஆண்டு, ஒருவருக்கு' என்று இன்னொன்று.

அண்மை உதாரணம்: 2023-ல் கிம் டுபுக்லே சட்டமன்றத்துக்குப் போனதால் ஓர் இடம் காலியானது. கவர்னர் பிரிட்ஸ்கர் அந்த இடத்துக்குப் பிரஷியஸ் பிரேடி-டேவிஸை நியமித்தார். 2024-ல் அவர் மீதி இரண்டு ஆண்டுக்காகத் தேர்தலில் நின்று வென்றார்.

எல்லா நியமனமும் இவ்வளவு சுமுகமாக முடிவதில்லை. 2017 டிசம்பர் 1-ஆம் தேதி திமத்தி பிராட்ஃபர்ட் என்ற கமிஷனர் இறந்தார். கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் அடுத்த மார்ச் மாத உட்கட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் வந்தேவிட்டது. ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்க வேண்டிய வேலை, யாராலும் முடியாது. அப்போதைய கவர்னர் ரவுனர், டேவிட் வால்ஷ் என்பவரை நியமித்தார். 2018-லேயே அந்த இடத்துக்குத் தேர்தல் உண்டா, இல்லை நியமிக்கப்பட்டவர் 2020 வரை இருப்பாரா என்று வழக்கும் வாதமும் கிளம்பின. கடைசியில் மார்ச் உட்கட்சித் தேர்தல் நடந்தது, ஆனால் சீட்டில் எவர் பெயரும் அச்சிடப்படவில்லை. வாக்காளரே பெயரைக் கையால் எழுத வேண்டும். கேம் டேவிஸ் என்ற சுற்றுச்சூழல் வழக்கறிஞரின் பெயரைப் பல்லாயிரம் பேர் எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு வந்தார்கள். நவம்பரிலும் அவரே வென்றார். அச்சிட்ட பெயருக்கே குறி போடாமல் வருகிற இந்தப் பதவிக்கு இத்தனை பேர் பேனா பிடித்தார்கள் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

எங்கள் வீடு நேப்பர்வில்லில் இருக்கிறது. எங்கள் சீட்டில் இந்தப் பதவியே வரவில்லையே?

வராது. சிகாகோ மாவட்டத்தின் எல்லை கிட்டத்தட்ட குக் கவுண்டியோடு முடிந்துவிடுகிறது. (கவுண்டி என்பதுதான் நம்மூர் சேலம், மதுரை மாவட்டம் மாதிரி.) சிகாகோவும் 128 புறநகர்களும், 882 சதுர மைல், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஷாம்பர்க், ஹாஃப்மன் எஸ்டேட்ஸ், டெஸ் பிளெய்ன்ஸ் எல்லாம் உள்ளே. நேப்பர்வில் வெளியே. அங்கே கழிவுநீரை நகராட்சியே ஸ்பிரிங்புரூக் ஆலையில் சுத்திகரிக்கிறது. அதற்குப் பொறுப்பு உங்கள் நகரசபைதான்.

டூபேஜ் கவுண்டியின் வேறு ஊர்களில் இருந்தால் கதை வேறு. அதற்கு அடுத்த பதில்.

நியமன முறையில் இயங்கும் சிறிய மாவட்டங்கள் எப்படி?

தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் மேற்குப் புறநகர்களில் டவுனர்ஸ் குரோவ் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட், வீட்டன் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் போன்றவை உண்டு. இங்கெல்லாம் தேர்தலே கிடையாது. டவுனர்ஸ் குரோவில் மூன்று டிரஸ்டிகள். கவுண்டி வாரியத்தின் தலைவர் பெயரை முன்மொழிவார், வாரியம் ஒப்புதல் தரும். பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ஒருவர் பதவிக்காலம் முடியும். மாவட்டம் இரண்டு கவுண்டிகளில் பரவியிருந்தால் முறை இன்னும் விநோதமானது. அந்தப் பகுதி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி நியமிப்பார்கள்.

ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வசிக்கும் அண்ணன் தம்பியில், அண்ணன் வீட்டுச் சாக்கடைக்கு ஒன்பது பேரை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். தம்பி வீட்டுச் சாக்கடைக்கு மூன்று பேரை வேறு யாரோ நியமிக்கிறார்கள். இரண்டு தண்ணீரும் கடைசியில் மிசிசிப்பியில்தான் கலக்கிறது.

தேர்தல் நல்லதா, நியமனம் நல்லதா?

தேர்தல்தான் நல்லது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. படிக்கப் படிக்க அந்த உறுதி கரைந்துவிட்டது.

சிகாகோவின் தேர்தல் முறைக்கு நீண்ட கறை உண்டு. 1920-களில் இந்த மாவட்டம் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் கிட்டங்கியாகவே இருந்தது. வேலையே செய்யாதவர்கள் பெயரெல்லாம் ஊதியப் பட்டியலில் ஏறின. பத்திரிகைகள் அதற்கு 'வூப்பி காலம்' (கும்மாளக் காலம்) என்றே பெயர் வைத்தன. டிரஸ்டிகள் நீதிமன்றம் ஏறினார்கள். அத்தனை பேரும் முறைப்படி ஓட்டில் வந்தவர்கள்தான்! இன்றைக்கும் நீண்ட காலமாக இங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்களே வெல்கிறார்கள், அதனால் நிஜமான போட்டி மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில்தான். கட்சியின் குக் கவுண்டி அமைப்பு ஒரு பட்டியலை ஆதரிக்கும். சீட்டில் முதலில் யார் பெயர் வருகிறது, பெயர் காதுக்கு ஐரிஷ் மாதிரி ஒலிக்கிறதா என்பதெல்லாம் ஓட்டைத் தீர்மானிப்பதாக ஊருக்கே தெரிந்த கிண்டல் உண்டு.

நியமன முறையில் பொறியாளர், கணக்காளர் போன்ற, தேர்தலில் நிற்கவே நினைக்காத ஆட்கள் வர வாய்ப்புண்டு. சின்ன மாவட்டத்துக்கு அது பொருத்தம். ஆனால் எவர் நியமித்தார், ஏன் மறுபடி மறுபடி அதே ஆள் என்று கேட்க யாருமில்லாவிட்டால் அதுவும் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிடும். இந்தக் கவலை முற்றித்தான், இப்படிப்பட்ட நியமன அமைப்புகளில் சிலவற்றைக் கலைக்க டூபேஜ் கவுண்டிக்கு 2013-ல் மாநிலச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. சில சிறு மாவட்டங்கள் அப்படிக் கலைக்கவும்பட்டன.

ஒரு பேச்சுக்கு விஸ்கான்சினையும் பார்க்கலாம், சிகாகோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கி. அங்கே கழிவுநீர் மாவட்டத்துக்கு 11 கமிஷனர்கள், ஒருவரும் மக்கள் நேரடி ஓட்டில் வருவதில்லை. ஏழு பேரை மில்வாக்கி மேயர் நியமிக்கிறார், நான்கு பேரைப் புறநகர்த் தலைவர்கள் கூடி நியமிக்கிறார்கள். அதே மாநிலத்தின் கிராமப்புற சானிட்டரி மாவட்டங்களிலோ, கமிஷனர்களை நியமிப்பதா, தேர்தல் வைப்பதா, இல்லை ஊர் வாரியமே அந்த வேலையையும் பார்ப்பதா என்பதை ஊர் வாரியமே முடிவு செய்யலாம்.

என் கருத்தைக் கேட்டால்: பெரிய மாவட்டத்துக்குத் தேர்தல், சிறியதற்கு நியமனம். ஆனால் இரண்டிலும் தொடர்ந்து போய் உட்கார்ந்து கேட்கிற பத்துப் பேர் இருந்தால்தான் நடக்கும்.

இந்த மாவட்டம் ஏன் ஆரம்பிக்கப்பட்டது?

சிகாகோ குடிப்பது மிச்சிகன் ஏரித் தண்ணீர். அந்தக் காலத்தில் ஊர்ச் சாக்கடை சிகாகோ ஆற்றில் விழும், ஆறு அதே ஏரியில் விழும். 1885 ஆகஸ்டில் பெருமழை கொட்டியபோது சாக்கடை குடிநீர் எடுக்கும் இடம் வரை போய்விடுமோ என்று ஊரே பயந்தது. அந்த மழையால் காலரா வந்து 90,000 பேர் செத்தார்கள் என்று பல இடங்களில் படிப்பீர்கள், வாட்ஸ்அப்பில் மட்டுமில்லை, அச்சிலேயே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டைஃபாய்டு நிஜம். 1891-ல் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் அதற்குப் பலியானார்கள்.

1889-ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 12-ல் முதல் ஒன்பது டிரஸ்டிகளுக்குத் தேர்தல் நடந்தது. அவர்கள் 28 மைல் கால்வாய் வெட்டி, ஆறு ஓடும் திசையையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குப் போன தண்ணீர் மிசிசிப்பிப் பக்கம் ஓட ஆரம்பித்தது. கீழே இருந்த மிசூரி மாநிலம் 'உங்கள் சாக்கடையை எங்களுக்கு அனுப்புகிறீர்களா' என்று உச்ச நீதிமன்றம் போகத் தயாரானது. தடை உத்தரவு வந்துவிடுமோ என்று பயந்த டிரஸ்டிகள், 1900 ஜனவரி 2-ஆம் தேதி விடியற்காலைக் குளிரில், எந்த விழாவும் இல்லாமல் அணையை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வழக்கு 1906-ல் முடிந்தது, மிசூரி தோற்றது. காவிரி வழக்கு பார்த்த நமக்கு ஆறு வருடத்தில் ஒரு நதிநீர் வழக்கு முடிந்தது என்பதே அதிசயம்.

சரி, இவர்கள் கை தூக்குவதால் எனக்கு என்ன வந்தது?

ஆண்டு பட்ஜெட் 100 கோடி டாலருக்கு மேல். வீட்டுக்காரர்கள் இந்த மாவட்டத்துக்குத் தனி பில் கட்டுவதில்லை. உங்கள் பங்கு சொத்து வரி ரசீதில் ஒரு வரியாக வரும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சுமை வாடகைக்குள் ஒளிந்திருக்கும்.

பணத்தை விடுங்கள், ஆற்றைப் பாருங்கள். பெரும்பாலான பெருநகரங்கள் சுத்திகரித்த நீரை ஆற்றில் விடும் முன் கிருமிகளையும் கொல்வது வழக்கம். சிகாகோ பல ஆண்டுகளாக அதைச் செய்யவில்லை. செலவு அதிகம், அந்த ஆற்றில் யார் குளிக்கப்போகிறார்கள் என்பது மாவட்டத்தின் வாதம். அந்த வாதத்தை நிறுவ நிபுணர்களுக்கும் செலவழித்தார்கள். இதற்கிடையே தேர்தல்களில் ஆட்கள் மாறினார்கள். 2006-ல் டெப்ரா ஷோர் போன்ற சுற்றுச்சூழல்வாதிகள் உள்ளே வந்தார்கள். 2011 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் முகமையும் நெருக்கியது. ஜூனில் குழு தன் பழைய நிலையைக் கைவிட்டு, கிருமிநீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 2016-லிருந்து ஓப்ரையன் ஆலையில் புற ஊதாக் கதிராலும், கால்யுமெட் ஆலையில் குளோரினாலும் அது நடக்கிறது. இன்றைக்கு வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கயாக் ஓட்டப் போகிறீர்களே, அதில் தெறிக்கும் தண்ணீர் முன்பிருந்ததைவிட நல்லது. மூன்று தேர்தல், ஒரு கை தூக்கல்.

2004-லிருந்து மழைநீர் வடிகால் நிர்வாகமும் குக் கவுண்டியில் இவர்கள் பொறுப்பு. 2023 ஜூலை 2-ஆம் தேதி கொட்டிய மழையில் ஆற்று மட்டம் ஏறி, வேறு வழியில்லாமல் மதகைத் திறந்து ஆற்று நீரை ஏரிக்கே விட வேண்டியதாயிற்று. 1900-ல் திருப்பிய ஆறு ஒரு நாளைக்குத் திரும்பிவந்தது.

குடிநீருக்கும் இவர்களா பொறுப்பு?

இல்லை. பெயரில் 'வாட்டர்' இருப்பதால் வரும் குழப்பம். குழாயில் வரும் தண்ணீர் உங்கள் நகராட்சி வேலை. தெருவுக்கு அடியில் போகும் சின்னச் சாக்கடைக் குழாயும் நகராட்சியுடையதுதான். அது பெருங்குழாயில் சேர்ந்த பிறகுதான் இவர்கள் கைக்கு வருகிறது. அடைப்பு எடுக்கக் கமிஷனரை அழைக்காதீர்கள்.

சம்பளம்?

சிகாகோவில் கமிஷனருக்கு ஆண்டுக்கு 70,000 டாலர், துணைத் தலைவருக்கும் நிதிக்குழுத் தலைவருக்கும் 75,000, தலைவருக்கு 80,000 என்று நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. பெரும்பாலும் வேறு வேலையும் பார்ப்பார்கள். சிறிய மாவட்ட டிரஸ்டிகளுக்குக் கிடைப்பது இதோடு ஒப்பிட்டால் கைச்செலவுக் காசு.

நாம் நிற்க முடியுமா? நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா?

குடியுரிமை பெற்று, மாவட்ட எல்லைக்குள் குடியிருந்து, வாக்காளராகப் பதிந்திருந்தால் சிகாகோ மாவட்டத்தில் நிற்கலாம். முதல் மலை கையெழுத்து. கட்சி உட்கட்சித் தேர்தலுக்கு ஆயிரக்கணக்கான வாக்காளர் கையெழுத்து வேண்டும். அதில் குறை கண்டுபிடித்து எதிராளி வழக்குப் போடுவது இங்கே ஒரு தனித் தொழில். தேவையானதைப் போல் இரண்டு மடங்காவது வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். இந்தப் பதவி ஆண்களின் கோட்டையாகவே கிடந்தது. 1972-ல் ஜோஆன் ஆல்ட்டர் வென்று உள்ளே போனார்.

நியமன மாவட்டங்களுக்குப் போவது இதைவிட எளிது, ஆனால் யாருக்கும் தெரியாது. கவுண்டி அலுவலகம் காலியிடங்களை இணையத்தில் அறிவிக்கும். ஒரு கடிதமும் தன்விவரமும் அனுப்பினால் போதும். நீரியல், சிவில், கணக்குத் துறைகளில் எத்தனை தமிழர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்! பொங்கல் விழாக் குழுவுக்குப் போட்டி போடும் அளவில் கால்வாசி இதற்கு இருந்தால்கூட நன்றாக இருக்கும்.

கிரீன் கார்டு இருக்கிறது. ஓட்டுப் போடலாமா?

கூடாது. விளையாட்டாகக்கூட வேண்டாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதியவா என்று கேட்பார்கள், படிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் ஓட்டுப்போட்டது தெரிந்தால் நாடு கடத்தும் வரை போகும். கூட்டத்துக்குப் போவதற்கும் பேசுவதற்கும் மட்டும் எந்தத் தடையும் இல்லை.

ஈகன் ஆலை ஷாம்பர்க்கில்தான் இருக்கிறதா? உரம் இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னார்களே?

ஆமாம், ஷாம்பர்க்கில்தான். இந்த மாவட்டத்தின் முன்னாள் தலைவர் ஜான் ஈகன் பெயரில் இருக்கிறது. இப்படி ஏழு ஆலைகள். அவற்றில் ஸ்டிக்னி ஆலை உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று. மக்கிய திடக்கழிவோடு மரச் சில்லுகளைச் சேர்த்துச் செய்யும் உரத்தை மாவட்டம் இலவசமாகத் தருகிறது, வாளி எடுத்துப்போய் அள்ளிக்கொள்ளலாம். என் வீட்டு மணத்தக்காளி அதில்தான் வளர்ந்தது. அம்மாவிடம் மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

கமிஷனர்களை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சிகாகோ நகர மையத்தில் 100 கிழக்கு ஈரி தெருவில் தலைமை அலுவலகம். பெரும்பாலும் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை காலையில் கூட்டம், இணையத்திலும் பார்க்கலாம். பேச விரும்புபவர் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். நான் ஒருமுறை போனபோது பார்வையாளர் வரிசையில் என்னோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். அவர்களில் இருவர் டெண்டர் விஷயமாக வந்தவர்கள்.